இளமையும் உறக்கமும்

உறங்கும் குழந்தையைத் தட்டியெழுப்பிப் பாடம் படிக்கச் சொல்லும் பெரியோர் பலர். நானும் அவர்களுள் ஒருவனாய் இருந்தவனே. அது சரிதானா என்ற ஐயத்தை எனக்கு உண்டாக்கியது ஓர் ஆராய்ச்சியின் வரலாறு. அதனையே இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

1929-ஆம் ஆண்டில் ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், மனித மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்து வெளியிட்டார். ஆயினும், உறக்கம் என்பது மூளையின் ஓய்வு என்ற எண்ணமே நெடுநாள் நிலவிற்று. அதனை அசைத்தவர் சிக்காகோ பல்கலைக் கழக மாணவர் யூஜீன் அசெரின்ஸ்கி. 1951-இல் அவர் தம் எட்டு வயது மகனைக் கருவியுடன் பிணைத்து உறங்கச் செய்தார். சிறுவன் நன்கு உறங்கினான். ஆனால் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைந்தன. மூளை அலைகளோ விழித்திருப்பவனுடையவை போல் இருந்தன. 1953-இல் தம் ஆசிரியர் கிளைட்மனுடன் அவர் இவ்விழியசைவு உறக்கத்தை உலகிற்கு அறிவித்தார்.

பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறையப் பாதி இவ்வகையினது. வளர்ந்தோர்க்கோ அது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியதே. வளரும் மூளைக்கு இது துணைபுரிகின்றது போலும் என்று ரோஃபார்க் முதலிய மூவர் 1966-இல் கருத்துரைத்தனர்.

நினைவுக்கும் உறக்கத்திற்கும் உள்ள தொடர்பு பின்னர்த் துலங்கிற்று. எலி ஓடித் திரிகையில் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் சேர்ந்து இயங்கிய நரம்பணுக்கள், பின்னர் ஆழ்ந்து உறங்குகையிலும் சேர்ந்தே இயங்கியதை வில்சனும் மெக்னாட்டனும் 1994-இல் கண்டனர். எலி தான் நடந்த வழியை உறக்கத்தில் மீண்டும் ஓதுகின்றது எனலாம்.

பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை ஆறு மணி நேரம் மூடிவைத்து நிகழ்த்திய சோதனை 2001-இல் வெளிவந்தது. பின்னர் உறங்கவிட்ட குட்டிகளின் பார்வைப் பகுதியில் அம்மாற்றம் வலுப்பெற்றது. இருளில் விழித்திருக்கச் செய்தவற்றிலோ அவ்வாறு வலுப்பெறவில்லை. 2019-இல் வந்த ஆய்வுகள் மேலும் ஒன்று கூறின: எலிக்குட்டி பிறக்கும்போதே வழியை வரிசையாக ஓதும் திறனை முழுமையாகப் பெற்றிருப்பதில்லை, மூன்றாம், நான்காம் வாரங்களில் அது சிறிது சிறிதாக முதிர்கின்றது.

விலங்குகளிடம் கண்ட அனைத்தையும் மனிதக் குழந்தைக்கு அப்படியே ஏற்றிக் கூறல் தகாது. எனினும், உறங்கும் இளம் மூளை வாளா இருப்பதன்று என்பது தெளிவு. இப்பொழுதெல்லாம் என் பேரன் புத்தகத்தின்மேல் சாய்ந்து உறங்கிவிட்டால், நான் அவனை எழுப்புவதில்லை. புத்தகத்தை மெல்ல எடுத்து வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிடுகின்றேன்.