நான்கு முறை ஏவப்பட்ட தெர்மாமீட்டர்

ஒரு தெர்மாமீட்டரை விண்வெளியில் ஒழுங்காக வேலை செய்ய வைக்க நான்கு ராக்கெட்டுகள் தேவைப்பட்டன என்றால் நம்புவீர்களா?

வானத்திலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களைப் பூமியின் காற்று மண்டலம் விழுங்கிவிடுகிறது. அவற்றைப் பார்க்க மேலே போய்த்தான் ஆகவேண்டும். 1962ல் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு ராக்கெட்டில் கருவி அனுப்பி, சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதல் எக்ஸ்-கதிர் மூலத்தை விருச்சிக ராசிப் பக்கம் கண்டுபிடித்தது. 1999ல் நாசா அனுப்பிய சந்திரா தொலைநோக்கி மிகக் கூர்மையான படங்களைத் தந்தது. (சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அதே சந்திரசேகரின் பெயர்தான்.) ஆனால் படம் மட்டும் போதாதே! பரந்து கிடக்கும் சூடான வாயு எந்த வேகத்தில் அலைகிறது என்று அறிய, வந்து விழும் ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலையும் துல்லியமாக அளக்க வேண்டும்.

இதற்கு நாசா விஞ்ஞானிகள் 1980களில் சொன்ன வழி ரொம்ப எளிமையானது. ஃபோட்டான் விழுந்தால் பொருள் துளி சூடாகும். அந்தச் சூட்டை அள. சிக்கல் என்னவென்றால், அந்தச் சின்னச் சூடு தெரியவேண்டுமானால் கருவி தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் வெறும் 0.05 டிகிரியில் இருக்கவேண்டும்.

ஜப்பான் இக்கருவியைச் சுமக்க முன்வந்தது. 2000 பிப்ரவரியில் அஸ்ட்ரோ-இ கிளம்பியது. ராக்கெட்டின் முதல் கட்டத்திலேயே கோளாறு. செயற்கைக்கோள் போயே போய்விட்டது. 2005 ஜூலையில் சுசாகு. இந்த முறை கருவி நன்றாகக் குளிர்ந்தது, ஆனால் வானத்தைப் பார்க்கத் தொடங்கும் முன்பே, ஆகஸ்டில், குளிர்விக்கும் திரவ ஹீலியம் முழுவதும் ஆவியாகிவிட்டது. அதிலிருந்த மற்ற கருவிகள் 2015 வரை உழைத்தன என்பது ஒரு ஆறுதல்.

மூன்றாவது, 2016 பிப்ரவரி 17ல் ஏவிய ஹிட்டோமி. ஜப்பானிய மொழியில் கண்ணின் பாவை என்று பொருள். மார்ச் 26 அன்று, சுழலாமல் நின்றிருந்த அது தான் சுழல்வதாகத் தப்பாக நினைத்துக்கொண்டது. நிறுத்துவதற்காக எதிர்ப்பக்கம் திரும்பப் போய் உண்மையிலேயே சுழல ஆரம்பித்தது. காப்பாற்ற வேண்டிய உந்துகருவிகளுக்கோ தவறான எண்கள் கொடுக்கப்பட்டிருந்தன. அவை சுழற்சியை இன்னும் வேகமாக்க, சூரியத் தகடுகள் பிய்ந்து போயின. வானத்தில் ஐந்தரை வாரம்தான்.

ஆனால் அந்த ஐந்தரை வாரத்துக்குள் ஹிட்டோமி பெர்சியஸ் விண்மீன் மண்டலக் கொத்தைப் பார்த்துவிட்டிருந்தது! அதன் நடுவில் ஒரு பெரிய கருந்துளை, சுற்றிலும் கோடிக்கணக்கான டிகிரி கொதிக்கும் வாயு. கருந்துளை அந்த வாயுவைப் பயங்கரமாகக் கலக்கிக்கொண்டிருக்கும் என்று பலர் எண்ணியிருந்தார்கள். அளந்ததில் கிடைத்ததோ நொடிக்குச் சுமார் 164 கிலோமீட்டர். நமக்கு இது பெரிய வேகம். அந்த இடத்துக்கு இது கிட்டத்தட்ட அமைதி. மூன்று செயற்கைக்கோள்களுக்குப் பிறகு கிடைத்த இந்த ஒரு எண்ணைப் பார்த்தபின், நான்காவதை அனுப்பாமல் விட எப்படி மனம் வரும்?

2023 செப்டம்பரில், நாசாவும் ஐரோப்பாவும் கைகொடுக்க, ஜப்பான் கிரிசம் செயற்கைக்கோளை ஏவியது. கருவி குளிர்ந்தது, வேலை செய்தது. விதி விடவில்லை, கருவியின் முன்னாலிருக்கும் மூடி திறக்கவில்லை. மூடியிலுள்ள மெல்லிய பெரிலியம் ஜன்னல் குறைந்த ஆற்றல் கதிர்களைத் தடுத்துவிடுகிறது. இரும்பு அணுக்கள் விடும் அதிக ஆற்றல் கதிர்கள் அதைத் துளைத்து உள்ளே வருகின்றன. ஹிட்டோமி பெர்சியஸைப் பார்த்ததும் இப்படி மூடிய ஜன்னல் வழியாகத்தான்.