வில்லின் இசை மூச்சுக்கு மாறும்போது: பரோக் தனியிசை, தமிழ்க் கிளாரினெட், மலையக இசைக்கல்வி

முன்னுரை

தமிழிசை மரபு இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என வகுத்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அவற்றுக்கு ஒரு வரிசை முறையும் சொல்கிறது. பாட்டைக் குழல் தொடர்கிறது, குழலை யாழ் தொடர்கிறது, யாழைத் தண்ணுமையும் தண்ணுமையை முழவும் தொடர்கின்றன. அந்த அரங்கில் நரம்புக் கருவி துளைக்கருவியின் பின்னே நிற்கிறது. இக்கட்டுரை இதற்கு நேர்மாறான பயணம் ஒன்றைப் பற்றியது. நரம்புக்கென்று எழுதப்பட்ட இசையைத் துளைக்கருவி ஏற்று வாசிக்கும்போது என்ன நேர்கிறது என்பதே இங்கு வினா. ஐரோப்பிய பரோக் காலத்து வயலின், செல்லோ தனியிசையைக் கிளாரினெட்டில் வாசிக்கும் வழக்கம் ஒரு சான்று. தஞ்சையில் தொடங்கிய தமிழ்க் கிளாரினெட்டின் வரலாறு மற்றொன்று. இரண்டும் ஒரே கருவியின் எதிரெதிர் சிக்கல்களைக் காட்டுகின்றன என்பதும், அவற்றைச் சேர்த்துப் படித்தால் இலங்கை மலையகத் தமிழ் மாணவருக்குப் பயன்படும் பாடவரிசை ஒன்று கிடைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1. துணையில்லாத நரம்பிசை

ஜோஹான் செபாஸ்டியன் பாக், கோத்தன் அரசவையில் பணியாற்றியபோது, துணைக்கருவி எதுவுமின்றி ஒற்றை வயலின் வாசிக்க ஆறு படைப்புகளை எழுதினார். அவர் கைப்பட எழுதிய படியில் 1720 என்ற ஆண்டு உள்ளது. செல்லோவுக்கான ஆறு தொகுப்புகளும் அக்காலத்தை ஒட்டியவையே. அவற்றுக்கு அவர் கையெழுத்துப்படி கிடைக்கவில்லை. மனைவி அன்னா மக்தலேனா எடுத்த படியே முதன்மைச் சான்றாக உள்ளது. பாக்கின் காலத்தவரான டெலெமான் 1735இல் வயலினுக்கு 12 தனிக் கற்பனைகளை வெளியிட்டார்.

இந்த இசையின் நுட்பம் ஒரே இழைக்குள் பல குரல்களை ஒளித்துவைப்பதில் இருக்கிறது. வில் இரண்டு தந்திகளை ஒருசேர உரசும். மூன்று நான்கு சுரங்களைக் கீழிருந்து மேலாக உருட்டியும் எழுப்பும். ஒற்றைச் சுரங்களாக ஓடும் பகுதியிலும் வரி தாழ்ந்த சுரத்துக்கும் உயர்ந்த சுரத்துக்கும் மாறி மாறித் தாவுவதால், கேட்பவர் காதில் இரண்டு பேர் பாடுவது போலிருக்கும். வில்லைத் திருப்புவதற்கு மூச்சு வேண்டாம். பாக்கின் அந்த ஆறு வயலின் படைப்புகளுள் ஒன்றான மூன்றாம் பர்ட்டீட்டாவின் முன்னிசை 138 தாள அளவுகள் ஏறக்குறைய இடைவிடாமல் ஓடுகிறது. வயலின்காரருக்கு அது கையுறுதியின் சோதனை. ஊதுபவருக்கு அது மூச்சின் சோதனை.

பாக் கிளாரினெட்டுக்கு எதையும் எழுதவில்லை. நூரெம்பர்க் கருவிவினைஞர் ஜோஹான் கிறிஸ்டோப் டென்னர் 1700ஆம் ஆண்டளவில் உருவாக்கிய கருவி அது. பாக்கின் காலத்தில் அதற்கு விசைகளும் குறைவு, வாசிப்பவர்களும் குறைவு. ஆனால் ஒரு கருவிக்கு எழுதியதை இன்னொன்றுக்கு மாற்றுவதைப் பாக்கே செய்தவர். மேற்சொன்ன முன்னிசையை அவர் 1731இல் ஆர்கனுக்கு மாற்றித் கன்டாட்டா எனப்படும் தம் குரலிசைப் படைப்புகளுள் 29ஆவதின் தொடக்கமாக வைத்தார். ஐந்தாம் செல்லோ தொகுப்பை லூட் என்ற மீட்டுகருவிக்கும் ஆக்கினார். ஆகவே இந்த இசையை மாற்றி வாசிப்பது மூலத்துக்கு அந்நியமான செயலாகாது.

2. வயலின் ஏட்டிலிருந்து கிளாரினெட் வகுப்புக்கு

19ஆம் நூற்றாண்டில் கிளாரினெட் முழுமை பெற்றது. கிளாரினெட் கலைஞர் ஹையாசிந்த் குளோசேயும் கருவிவினைஞர் பஃபேயும் சேர்ந்து வடிவமைத்த, இன்று பெரும்பாலான நாடுகளில் வழங்கும் விசையமைப்பு 1839இல் பாரிஸில் காட்சிக்கு வந்தது. கருவி வளர்ந்த வேகத்துக்கு அதற்கான பயிற்சி இலக்கியம் வளரவில்லை. ஆசிரியர்கள் பிற கருவிகளின் ஏடுகளைத் தேடினர். அவர்களுள் ஒருவரான சிரில் ரோஸ் தமது 32 பயிற்சிகளை ஃபெர்லிங்கின் ஓபோ பயிற்சிகளிலிருந்தும், 20 பெரும் பயிற்சிகளை ரோடின் வயலின் காப்ரிசுகளிலிருந்தும் வடித்தார். வயலினுக்குப் பிறந்த இசை கிளாரினெட் மாணவரின் அன்றாடப் பாடமானது இந்த வழியில்தான். பாக்கின் தனியிசை அந்தப் பாதையிலேயே பின்னர் வந்து சேர்ந்தது.

மாற்றுபவர் முன் மூன்று கேள்விகள் நிற்கின்றன. முதலாவது எல்லை. பி-ஃப்ளாட் கிளாரினெட்டின் தாழ்ந்த சுரம் வயலினின் தாழ்ந்த தந்திக்கும் கீழே இறங்குகிறது. வயலின் இசை அதில் அடங்கிவிடும். செல்லோவின் அடித்தந்தி அதற்கு எட்டாது. எனவே செல்லோ இசையை உயர்த்தி வாசிப்பர், அல்லது கீழ் எல்லை நீட்டப்பட்ட பாஸ் கிளாரினெட்டை எடுப்பர். இரண்டாவது சுரக்கூட்டு. கிளாரினெட் இயல்பாக ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்கும். அடிச்சுரத்தையும் மேற்சுரத்தையும் காத்து, இடையில் உள்ளவற்றை விரைந்த முன்சுரங்களாக உதிர்ப்பது பொது வழி. அடிச்சுரம் ஒலித்து அடங்கிய பின்னும் கேட்பவர் நினைவில் நின்றால் மாற்றம் வென்றது எனலாம்.

மூன்றாவதான மூச்சே கடினமானது. அளவுகளைப் பிரிக்கும் தாளக்கோட்டில் மூச்சு விடுவது பார்வைக்கு ஒழுங்கு, காதுக்குப் பிழை. பாக்கின் சொற்றொடர் பெரும்பாலும் கோட்டைத் தாண்டி அடுத்த அளவின் முதல் சுரத்தில் போய் முடிகிறது. தேர்ந்தவர்கள் அந்த வலுவான முதல் சுரத்தை ஒலித்துவிட்டு, அதன் பின்னரே மூச்செடுப்பர். அதற்கும் இடமில்லாதபோது, முன்பே ஒலித்துவிட்ட ஒரு சுரத்தை விட்டுவிடுவர். எதை விடலாம் என்று தெரிவதற்கு அந்த வரிக்குள் ஒளிந்துள்ள குரல்களைப் பிரித்தறிந்திருக்க வேண்டும். இங்கே மூச்சு என்பது உடலின் தேவை மட்டுமன்று, இலக்கணப் பகுப்பும்கூட.

3. தஞ்சை வழி

தமிழ்நாட்டில் ஐரோப்பிய இசைக்கருவிகளின் குடியேற்றம் ஏறக்குறைய 1800ஐ ஒட்டியது. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்கு அதைப் பழக்கினார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) அரண்மனையில் மேனாட்டு இசைக்குழுவையும் பேணினார். முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ஏறத்தாழ 40 உருப்படிகள் கொண்ட அத்தொகுதி நோட்டுசுரம் எனப்படுகிறது. கமகம் இன்றி, சங்கராபரணத்தின் சுரங்களில் நேராக நடப்பவை அவை.

வயலின் கச்சேரி மேடையில் பாடகரின் பக்கத்தில் அமர்ந்தது. கிளாரினெட்டுக்குக் கிடைத்த முதல் இடம் வேறு. கோயில் நாகசுரமும் தவிலும் பெரிய மேளம். சதிராட்டக் குழு சின்ன மேளம். சின்ன மேளத்தில் பாட்டைத் தொடர்ந்து வந்தது முகவீணை என்ற சிறு குழல். 19ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தைக் கிளாரினெட் பெற்றது. அந்த மாற்றத்தின் முன்னோடியாக மகாதேவ நட்டுவனாரை இசை வரலாற்றாசிரியர் குறிப்பர். 20ஆம் நூற்றாண்டிலும் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் குழுவில் ராதாகிருஷ்ண நாயுடு கிளாரினெட் வாசித்தார். 1930களுக்குப் பின் பரதநாட்டிய மேடை மாறியபோது புல்லாங்குழலும் வயலினும் முன்வர, நாட்டியத்தில் கிளாரினெட்டின் இடம் சுருங்கியது.

தனிக் கச்சேரிக் கருவியாக அதை நிலைநிறுத்தியவர் திருச்சிராப்பள்ளி ஏ.கே.சி. நடராஜன் (பிறப்பு 1931). தந்தையும் கிளாரினெட் கலைஞர். ஆனால் நடராஜன் வாய்ப்பாட்டை ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடமும், நாகசுரத்தை இலுப்பூர் நடேச பிள்ளையிடமும் கற்றார். அவருக்குக் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்ற பட்டத்தை அளித்தவர் நாகசுரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை. இந்திய அரசு 2022இல் பத்மஸ்ரீ வழங்கியது. அவர் கற்ற வரிசையே தமிழ்க் கிளாரினெட்டின் இலக்கணத்தைச் சொல்கிறது: முதலில் குரல், அதன் பின்னே குழல்.

4. எதிரெதிர் சிக்கல்கள்

கிளாரினெட்டின் உட்குழல் உருளை வடிவம். மூச்சை வலுப்படுத்தினால் அதன் ஒலி எட்டாம் சுரத்துக்குத் தாவாமல் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். கூம்புக் குழலான நாகசுரம் எட்டாம் சுரத்துக்கே தாவும். அதனால் நாகசுரத்தில் ஒரு ஸ்தாயியில் பழகிய விரலடைவு அடுத்ததிலும் பெரும்பாலும் உதவும், கிளாரினெட்டில் உதவாது. இடைவெளியை நிரப்பவே அதற்கு அத்தனை விசைகள். விசை திறக்கும் அல்லது மூடும். பாதி திறப்பது அதன் இயல்பன்று. கமகமோ அந்தப் பாதியிலேதான் வாழ்கிறது. ஆகவே தமிழ்க் கலைஞர்கள் விசையை நம்புவதைக் குறைத்து, திறந்த துளையை விரலால் வழுக்கி மூடியும், உதட்டின் அழுத்தத்தை மாற்றியும் சுரங்களுக்கு இடையே வழி செய்தனர். கிளாரினெட் இப்படி வழுக்கக்கூடியது என்பதை மேற்குலகம் பரவலாகக் கேட்டது 1924இல், கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’ தொடக்கத்தில்.

இப்போது இரு வரலாறுகளையும் எதிரெதிரே வைக்கலாம். பரோக் தனியிசை கேட்பது நிலையான சுரங்கள். விசைகள் அவற்றைத் தயங்காமல் தருகின்றன. அங்கே சிக்கல் மூச்சு. கீர்த்தனை குரலுக்குப் பிறந்தது. அறுதியிலும் பதம் பிரியும் இடத்திலும் மூச்சுக்கு இடம் உண்டு. அங்கே சிக்கல் விசை. ஐரோப்பியர் கருவியைத் தொடாமல் ஏட்டைத் திருத்தினர். தமிழர் சாகித்தியத்தைத் தொடாமல் கருவியைக் கையாளும் முறையைத் திருத்தினர். எந்தப் பக்கம் விட்டுக்கொடுக்கும் என்பதை அந்தந்த மரபில் எதற்கு அதிகாரம் உள்ளது என்பதே தீர்மானித்திருக்கிறது. அங்கே கருவித் தொழில்நுட்பம் பொதுவானது, ஏடு திருத்தத்தக்கது. இங்கே பாட்டு மூத்தது, கருவி அதன்பின் நடப்பது. அரங்கேற்று காதை சொன்ன வரிசைதான் இது.

மூச்சுச் சிக்கலுக்கு மூன்றாவது தீர்வு ஒன்று உண்டு: கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் உள்ளிழுப்பது. இதை நவீன உத்தியாகக் கருதும் ஐரோப்பிய ஆசிரியர்கள் பலர். நம் மரபில் அது பழைய தொழிலறிவு. பெரிய மேளத்தில் சுருதி தரும் ஒத்து ஊதுபவர் இப்படித்தான் மணிக்கணக்கில் சுரத்தை விடாமல் நிறுத்தினார். கண்டிப் பிரதேசத்துச் சிங்கள ஹொரணைக் கலைஞர்களும் இதே முறையில் ஊதுவர். நாகசுரக்காரருக்குக் கிடைத்த பெயர் ஒத்துக்காரருக்குக் கிடைக்கவில்லை. சுருதிப்பெட்டி வந்ததும் அவருடைய வேலையும் போனது. பாக்கின் 138 அளவு முன்னிசையை மூச்சறுபடாமல் வாசிக்க விரும்புபவர் தேடவேண்டிய ஆசான் அவரே.

5. மலையகச் சூழல்

மேலை இசை மலையகத்துக்கு ஏறிய வழி தேவாலயங்கள். நுவரெலியாவின் ஹோலி டிரினிட்டி ஆலயம் 1852இலும், டிக்கோயா வார்லி ஆலயம் 1878இலும் எழுந்தன. ஹாஸ்லர் என்ற இசையமைப்பாளரின் மெட்டு ஒன்றுக்குப் பாக் அமைத்த நாற்குரல் வடிவம் ஆங்கிலத் திருச்சபைப் பாட்டு நூல்களில் இடம்பெற்ற ஒன்று. தோட்டத் துரைமாரின் ஆலயத்தில் அப்படி நாற்குரல் பாட்டு ஒலித்த காலத்தில், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் ஒலித்தது தப்பு என்ற தோற்கருவி. விடியலில் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குத் தொழிலாளரை அழைத்ததும், மாசியில் காமன் கூத்துக்கு அடித்ததும் அதே கருவிதான். இரண்டு இசைகளும் ஒரே மலையில் இருந்தும் ஒன்றையொன்று கற்றுக்கொள்ளச் சமூக அமைப்பு இடம் தரவில்லை.

இன்று இலங்கைப் பாடத்திட்டத்தில் கர்நாடக சங்கீதமும் மேலைத்தேய இசையும் தனித்தனி அழகியல் பாடங்கள். மாணவர் ஒன்றையே தேர்வார். தோட்டப் பகுதித் தமிழ்ப் பாடசாலை மாணவருக்குப் பழக்கமானது முன்னது. கிளாரினெட் இந்தப் பிரிவைக் கடக்க ஏற்ற கருவி. அது இரு மரபுகளிலும் வரலாறு உடையது.

தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. காற்றில் ஒலியின் வேகம் ஒரு பாகைக்கு நொடிக்கு 0.6 மீற்றர் மாறுவதால், துளைக்கருவியின் சுருதி ஒரு பாகைக்கு அரைச்சுரத்தின் நூறில் மூன்று பங்கு அளவு நகரும். பத்துப் பாகை குளிர்ந்த கருவி அரைச்சுரத்தின் மூன்றிலொரு பங்கு வரை தாழ்ந்து ஒலிக்கலாம். ஊத ஊத உள்ளே சூடேறி சுருதி உயரும். குளிர்ந்த மரக்கட்டைக்குள் திடீரென வெப்பமூச்சு பாய்ந்தால் வெடிப்பும் நேரலாம். வாசிக்குமுன் கருவியை மெல்ல உடற்சூட்டுக்குக் கொண்டுவருவது இங்கே கட்டாயம். தப்பை நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றிய பிறகே அடிக்கும் மலையகக் கலைஞருக்கு இது புதிய செய்தியன்று.

பாடவரிசைக்கு வருவோம். முதல் படி நோட்டுசுரம். கர்நாடக சங்கீத மாணவருக்கு அதன் ராகம் தெரியும். கமகம் இல்லாததால் விசைகள் தடுக்கா. சொல் இருப்பதால் மூச்சிடம் தெளிவு. இரண்டாம் படி டெலெமானின் வயலின் கற்பனைகளிலுள்ள மெதுவான பகுதிகள். அங்கே சொல் இல்லை, ஆகவே மூச்சிடத்தை மாணவர் தாமே பகுத்துக் குறிக்க வேண்டும். மூன்றாம் படி பாக்கின் செல்லோ தொகுப்புகளின் நடனப் பகுதிகள். இதற்கு இணையாக ஒரு வர்ணத்தைக் கமகத்துடன் வாசிக்கும் பயிற்சி நடந்தால், ஒரே கருவியில் நிலைத்த சுரமும் அசையும் சுரமும் கைவரும்.

முடிவுரை

வில்லுக்கு எழுதியதை மூச்சால் வாசிப்பவர் மூலத்திலிருந்து சிலவற்றை இழக்கிறார்: தந்திகளின் ஒருசேர ஒலி, முடிவில்லாத ஓட்டம். பெறுவதும் உண்டு. வயலினில் வில்லின் ஓட்டத்துக்குள் மறைந்திருந்த சொற்றொடர் எல்லை, ஊதும்போது எல்லோர் காதிலும் விழுகிறது. குரலை முதலாகக் கொண்ட தமிழ் மரபுக்கு இந்த எல்லை பழகியது. அதனால் பாடிப் பழகிய மாணவருக்குப் பாக்கின் இசையில் மூச்சிடம் தேடும் வேலை பாதி முடிந்தே இருக்கிறது. மீதிப் பாதி விரல்வேலை. அதற்குக் கருவியும் ஆசிரியரும் தேவை. மலையகப் பாடசாலைகளில் இரு இசைப் பாடங்களுக்கும் இடையிலுள்ள சுவரில் ஒரு கதவு திறக்கப்பட வேண்டுமானால், அதைச் செலவு குறைவாகவும் வரலாற்று நியாயத்தோடும் திறக்கக்கூடிய கருவிகளுள் கிளாரினெட் ஒன்று.