கொடியில் இருக்கும் சிங்கம் காட்டில் ஏன் இல்லை?



சென்ற தவணையில் ஒரு நாள், வரலாற்றுப் பாடத்தில் ஆதிமனிதனைப் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கையை உயர்த்தினான். "சேர், யாலையில சிறுத்தை இருக்கு, கரடி இருக்கு. கொடியில இருக்கிற சிங்கம் மட்டும் ஏன் எந்தக் காட்டிலயும் இல்ல?"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. ஆனால் அது நல்ல கேள்வி. கொடியில் உள்ள சிங்கம் அரச சின்னத்திலிருந்து வந்தது. அது வேறு கதை. ஆனால் இந்த மண்ணில் உண்மையாகவே ஒரு காலத்தில் சிங்கம் வாழ்ந்தது என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதற்குச் சாட்சி இரண்டு பற்கள்.

இரத்தினபுரிக்குப் பக்கத்தில் உள்ள குருவிட்டையில் அவை கிடைத்தன. கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. இ. பி. தெரணியகல 1939இல் அவற்றை ஆராய்ந்து, இலங்கைச் சிங்கம் என்று பெயரிட்டார். இரண்டு பற்களை வைத்துக்கொண்டு அதைத் தனி உபஇனம் என்று சொல்லிவிட முடியுமா என்று பின்னர் வந்தவர்கள் கேள்வி எழுப்பினார்கள். அதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். சான்று எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் பேசலாம்.

சிங்கம் மட்டுமல்ல. நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் உயிர்ச்சுவடுகளையும் தெரணியகல இரத்தினபுரிப் பகுதியிலிருந்து விவரித்தார். 1958இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பத்ததொம்பலெனக் குகையில் கிடைத்த புலி எலும்பொன்று சுமார் 16,500 ஆண்டுகள் பழையது என 2005இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த மிருகங்கள் எப்படி வந்தன? பனியுகத்தில் கடல்மட்டம் 120 மீற்றர் வரை தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. அது தரையாகி, இந்தியாவிலிருந்து நடந்தே வரக்கூடியதாக இருந்தது.

இந்த எலும்புகளும் பற்களும் பெரும்பாலும் மாணிக்கக் குழிகளிலிருந்துதான் வந்தவை. நம்மவர்களுக்கு இது புதிய இடமல்ல. பேருவளை முதல் கண்டி வரை கல் வியாபாரம் செய்யும் குடும்பங்கள் எத்தனையோ. மலையிலிருந்து ஆறு அள்ளிவந்த சரளை பள்ளத்தில் படிந்து, மேலே சேறு மூடிக் கிடக்கும். சிங்களத்தில் அந்தப் படையை 'இல்லம' என்பார்கள். பாரமான இரத்தினக்கல் அங்கே தங்கும். ஆற்றோரம் செத்த மிருகத்தின் எலும்பும் அதே சேற்றுக்குள் மாட்டிக்கொள்ளும்.

இதைச் சொன்ன மறுநாள் இன்னொரு பிள்ளை வந்தாள். "எங்கட மூத்த வாப்பாவும் இரத்தினபுரியில குழியில நின்டவர் சேர்." அவரைப் போய்ச் சந்தித்தோம். தேநீர் தந்து, நிதானமாகச் சொன்னார்:

"கறுத்து, கல்லு மாதிரி பாரமா எலும்பு வரும் மகன். எங்களுக்கு அதால என்ன பிரயோசனம்? குழிய மூடக்குள்ள அதையும் உள்ளுக்குப் போட்டு மூடிருவம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அது அவ்வளவு பெரிய சாமானா?"

அவரில் பிழையில்லை. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு முழு மிருகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பற்களில் நிற்கிறது என்றால், அப்படி மூடப்பட்ட குழிகளில் எவ்வளவு போயிருக்கும்? "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு எங்கள் பதில் இதுதான். நாளைக்குக் குழிக்கருகே நிற்கப்போவது இந்தப் பிள்ளைகளில் ஒருவராக இருக்கலாம்.

"அப்ப பேராதனையில தோண்டினா கிடைக்குமா சேர்?" என்றும் கேட்டார்கள். நம் மலைப் பாறையில் கிடைக்காது. கண்டியைச் சுற்றியுள்ளவை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய பாறைகள். திகனையில் உடைக்கும் டொலமைட்டும் அப்படித்தான். உயிர்ச்சுவடு தேட அடையற் பாறையோ ஆற்றுப் படிவோ வேண்டும். புத்தளம் மாவட்டத்துத் தப்போவையில் அப்படியான பாறை உண்டு. டைனோசர் வாழ்ந்த ஜுராசிக் காலத்துத் தாவரங்களின் சுவடுகள் அதில் பதிந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் செழித்திருந்த சைக்கஸ் வகைத் தாவரங்களின் உறவுகளை நம் பேராதனைப் பூங்காவில் இன்றும் பார்க்கலாம். அடுத்த முறை குடும்பத்தோடு போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கல் தொழிலில் உள்ள உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். குழியில் எலும்போ பல்லோ வந்தால் எறியாதீர்கள், உரஞ்சிக் கழுவவும் வேண்டாம். எந்த ஊர், எந்தக் குழி, எத்தனை அடி ஆழம் என்று ஒரு துண்டில் எழுதி, படம் எடுத்து வையுங்கள். இடமும் ஆழமும் தெரியாவிட்டால் அதன் காலத்தைக் கணிப்பது மிகக் கடினம். பிறகு தேசிய நூதனசாலைக்கோ, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறைக்கோ அறிவியுங்கள்.

அந்த மூத்த வாப்பா அடுத்த தவணை எங்கள் வகுப்புக்கு வருகிறார். கூடையில் சரளை அலசுவது எப்படி என்று காட்டச் சம்மதித்திருக்கிறார். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை இப்போதே முன் வாங்கில் இடம் பிடித்துவிட்டான்.