சேரன்மாதேவியில் ஒரு பந்தி

மகளை அஞ்சாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று ஓசூர் பக்கம் தங்கிப் படிக்கிற ஒரு தனியார் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு பாரூர் திரும்பினேன். வழுவழு தாளில் கையேடு கொடுத்தார்கள். ஒழுக்கம், கூட்டு வாழ்க்கை, குழந்தையின் மனநலம் என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. எல்லாம் சரிதாங்க, பிள்ளைங்க எங்கே உட்கார்ந்து சாப்பிடறாங்கன்னு கேட்டேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கேட்டதுக்குக் காரணம் இருக்கு. நான் சின்ன வயசில் தங்கிப் படித்த விடுதியில் (பேர் வேண்டாம்) பணம் கட்டின பையனுக்கு எவர்சில்வர் தட்டு, உதவித்தொகைப் பையனுக்கு அலுமினியத் தட்டு. என்னுது அலுமினியம். அங்கே படித்த பாடமெல்லாம் மறந்துபோச்சு, தட்டின் ஓரத்து நெளிசல் மட்டும் இன்னும் கண்ணில் நிற்குது.

இன்னொரு காரணம் சேரன்மாதேவி. இந்தக் கதையை எல்லாரும் அரசியல் கதையாகத்தான் சொல்வார்கள். எனக்கு அது முதலில் ஒரு பள்ளிக்கூடத்தின் கதை.

நடத்தியவர் வ.வே.சு. ஐயர். லேசுப்பட்ட ஆளில்லை. லண்டனில் சட்டம் படிக்கப் போய்ப் புரட்சிக்காரர்களோடு சேர்ந்து, தப்பி வந்து, பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தவர். பெல்லாரி சிறையில் உட்கார்ந்து கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர். 'குளத்தங்கரை அரசமரம்' அவர் எழுதினதுதான். அப்பேர்ப்பட்டவர் 1922ல் ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார். திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கரையில். வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம் குமாஸ்தாக்களைத்தான் உண்டாக்குது, நாம் மனுஷங்களை உண்டாக்குவோம் என்பது எண்ணம். தாய்மொழியில் படிப்பு, உடற்பயிற்சி, கைத்தொழில் எல்லாம் உண்டு. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் ஐயாயிரம் கொடுத்தது. அந்தக் காலத்து ஐயாயிரம்!

சிக்கல் சோற்றில் வந்தது. இரண்டு பிராமணப் பையன்களின் பெற்றோர் எங்க பிள்ளை தனியாகத்தான் சாப்பிடணும்னு சொல்ல, ஐயரும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டார். ரெண்டே பேர்தானே என்பது அவர் பக்கத்து நியாயம். நடந்தது அதைவிட மோசம் என்பது எதிர்த்தரப்பு. எதுவானாலும், ரெண்டு பேர் தனியே உட்கார்ந்தால் மிச்சப் பிள்ளைகள் அத்தனை பேரும் 'மத்தவங்க' ஆகிவிடுகிறார்கள் இல்லையா? பெரியவர்களுக்கு அது ரெண்டு. பிள்ளைகளுக்கு அது தினமும் ரெண்டு வேளை, மூணு வேளை.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் என்று பரவலாகச் சொல்வார்கள். அங்கே படித்த பையன், வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். ஆசிரியர்கள், புரவலர்கள், வந்துபோன தலைவர்கள் இத்தனை பேர் இருக்க, வாய் திறந்தது ஒரு பொடியன். (அந்த அப்பாதான் பிறகு 1947ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். கோயில் நுழைவுச் சட்டம் வந்தது அவர் ஆட்சியில்தான்.)

அப்புறம் பெரியவர்கள் கையில் எடுத்தார்கள். வரதராஜுலு நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் கிழிகிழியென்று கிழித்தார். காங்கிரஸ் செயலாளராக இருந்த பெரியார் மீதி ஐயாயிரத்தைத் தர மறுத்தார். காந்தியிடம் போனபோது அவர் ஒரு நடுவழி சொன்னார்: அந்த ரெண்டு பையன்கள் விஷயத்தில் கொடுத்த வாக்கு இருக்கட்டும், இனிமேல் சேருகிறவர்கள் சேர்ந்து சாப்பிட ஒப்புக்கொண்டுதான் சேரணும். யாருக்கும் அது போதவில்லை. 1925 ஏப்ரலில் திருச்சியில் காங்கிரஸ் கமிட்டி கூடி, பிறப்பை வைத்து உயர்வு தாழ்வு பார்க்கக் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 19, எதிர்ப்பு 7. ராஜாஜி உட்பட சிலர் கமிட்டியை விட்டு விலகினார்கள்.

இந்த இடத்தில்தான் எங்க ஊர்ப் பக்கத்து ஆளான எனக்கு ஒரு குறுகுறுப்பு. ராஜாஜி பிறந்தது ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளி. நாயுடு ராசிபுரத்துக்காரர். அன்றைக்கு இது எல்லாமே ஒரே சேலம் ஜில்லா, பாரூரும் சேர்த்துத்தான். சண்டையின் ரெண்டு முனையும் எங்க ஜில்லா! அதைவிட வேடிக்கை, அதே 1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி ஆசிரமம் தொடங்கினார். திறந்து வைத்தவர் பெரியார். அங்கே சாதி பார்க்காமல் ஒரே பந்தி. தன் ஆசிரமத்தில் அப்படி நடத்தியவர், ஐயர் விஷயத்தில் கட்டாயப்படுத்தக் கூடாது, மனசு மாறித்தான் நடக்கணும்னு நின்றார். மனசு மாறுகிற வரைக்கும் அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? எனக்கு ராஜாஜி மேல் மரியாதை உண்டு, ஆனால் இங்கே ஒத்துப்போக முடியலை.

ஐயர் அந்த ஏப்ரலிலேயே பொறுப்பிலிருந்து விலகினார். ஜூன் 3ஆம் தேதி குருகுலப் பிள்ளைகளைப் பாபநாசம் அருவிக்குச் சுற்றுலா கூட்டிப்போனார். மகள் சுபத்திரை தண்ணீரில் விழ, காப்பாற்றக் குதித்து அவரும் போய்விட்டார். வயசு 44.

அதுக்கப்புறம் நவம்பரில் காஞ்சிபுரம் மாநாடு. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள மறுத்ததும் பெரியார் வெளியேறியது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு ஓடுவது வேறு. மார்ச்சில் தங்கள் சாப்பாட்டைப் பற்றி ஊரே பேசியதைக் கேட்டு, ஜூனில் குருவையும் அவர் மகளையும் இழந்து நின்ற பிள்ளைகள். அவர்களை அன்றைக்கு ராத்திரி யார் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு போட்டிருப்பார்கள்?

ஓசூர் பள்ளிக்கூடத்தில் கடைசியில் சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்து காட்டினார்கள். நீள பெஞ்சு, எல்லாத் தட்டும் ஒரே மாதிரி எவர்சில்வர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் கலந்து காதைப் பிளந்தது. மூலையில் ஒரு சின்ன மேஜை தனியாகக் கிடந்தது. அது யாருக்குன்னு கேட்டேன். காய்ச்சல் வந்த பிள்ளைங்களுக்காம். மகள் அதற்குள் பெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.