பொட்டலத்தின் மேல் ஒரு தேதி

மளிகைக் கடையில் அரிசி வாங்கப் போனால் மூட்டையிலிருந்து நாலு மணியை எடுத்து வாயிலிட்டுக் கடித்துப் பார்ப்பது நம் முன்னோர் வழக்கம். 'டக்'கென்று முறிந்தால் அது பழைய அரிசி. பல்லில் மாவாக நசுங்கினால் புதியது. துவரம்பருப்பைக் கையில் அள்ளி ஊதிப் பார்ப்பார்கள். நல்லெண்ணெயைப் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து முகர்ந்து பார்ப்பார்கள். கண், மூக்கு, நாக்கு, விரல் ஆகிய இவையே அக்காலத்து ஆய்வுக்கூடங்கள். இன்றோ, டில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் பேரங்காடிக்குள் நுழையும் நம் கையில் கிடைப்பது நாற்புறமும் ஒட்டி மூடிய உறை. அதைக் கடிக்க இயலாது, முகரவும் இயலாது. ஆகவே திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கோ ஒரு மூலையில் மங்கலாக அச்சிட்ட தேதியைத் தேடுகின்றோம். இந்தச் சிறு தேதி எங்கிருந்து வந்தது, எதனுடைய இடத்தில் வந்து அமர்ந்தது என்பதே இங்கு நாம் காணப் போகும் செய்தி.

உணவுப் பொருளுக்கு வயது உண்டு என்பதை நம்மவர் அறியாதவர் அல்லர். ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே கணக்கு அவர்களிடம் இல்லை. பழைய அரிசிக்கு விலை அதிகம். பழம்புளிக்கு மதிப்பு அதிகம். ஊறுகாய் ஊற ஊறத்தான் சுவை பெறும். வடநாட்டிலும் பாசுமதி அரிசியைப் பழையதாக்கி விற்பதையே சிறப்பாகக் கொள்கின்றனர். மற்றொரு புறம், அரைத்த காப்பித்தூளுக்குச் சில நாள்களே வாழ்வு. ஆகையால்தான் கண்ணெதிரில் வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையை நம்மவர் ஊர் ஊராகத் தேடிச் சென்றனர். துவரையைச் செம்மண் கட்டி வைப்பதும், பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வைப்பதும், சித்திரை வெயிலில் வற்றலும் வடகமும் காயவைத்து மழைக்காலத்துக்கு எடுத்து வைப்பதும் ஒரு தேர்ந்த காலக்கணக்கின் பகுதிகளே. அந்தக் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை; இல்லத்து மூத்த பெண்களின் நினைவில் இருந்தது.

விற்பவன் பக்கத்தில் இருந்த காவல் வேறு. பட்டினப்பாலை பாடிய புலவர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, கொள்வதில் மிகுதி கொள்ளாதவர், கொடுப்பதில் குறைத்துக் கொடாதவர் என்கின்றார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமோ புகழ்ச்சியை நம்பவில்லை. தானியம், எண்ணெய், உப்பு, வாசனைப் பொருள், மருந்து ஆகியவற்றில் மட்டப் பொருளைக் கலப்பவனுக்குப் 12 பணம் தண்டம் என்று அது விதிக்கின்றது. தண்டம் விதிக்க வேண்டியிருந்தது என்றால் குற்றமும் இருந்தது என்பது வெளிப்படை. ஆயினும் அக்காலத்தில் வாங்குபவனும் விற்பவனும் ஒரே தெருவில், அன்றி ஒரே ஊரில் வாழ்ந்தனர். கெட்ட பண்டம் கொடுத்தவனை மறுநாள் குளத்தங்கரையில் முகத்துக்கு நேரே கேட்டுவிடலாம். கடைக்காரனின் முகமே பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டு எனலாம்.

இரயில் வந்தது, நகரங்கள் பெருத்தன, அந்த முகம் மறைந்தது. எங்கோ ஆட்டிய எண்ணெய், வேறெங்கோ கடைந்த நெய், நாலு கை மாறி நம்மிடம் வரலாயிற்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் உணவில் தீங்கு தரும் கலப்படம் செய்வதை 272ஆம் பிரிவில் குற்றமாக்கியது. தண்டனை ஆறு மாதச் சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது போதாதென்று மாகாணங்கள் தனித்தனியே சட்டம் செய்தன. சென்னை மாகாணம் 1918இலும், வங்காளம் 1919இலும் இயற்றின.

இவ்விடத்தில் நெய்யின் கதை சற்று நின்று கேட்கத்தக்கது. தாவர எண்ணெயை இறுகச் செய்து ஆக்கிய வனஸ்பதி நம் நாட்டில் பரவியது. 1937இல் 'டால்டா' தகர டப்பாக்களில் விற்பனைக்கு வந்தது. டப்பாவில் இருந்தவரையில் அது வனஸ்பதி. பாத்திரத்தில் கொட்டிச் சிறிது நெய்யோடு கலந்துவிட்டாலோ கண்ணுக்கும் மூக்குக்கும் நெய்யேதான். இதற்கு அரசினர் கண்ட வழி நயமானது. வனஸ்பதி செய்வோர் நூற்றுக்கு 5 பங்காவது நல்லெண்ணெய் கலந்தே தீரவேண்டும் என்று விதி செய்தனர். எள்ளெண்ணெய் உள்ள கொழுப்பில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிறிது சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கினால் செந்நிறம் தோன்றும். நெய் சிவந்தால் அதில் வனஸ்பதி ஒளிந்திருக்கின்றது என்று பொருள். மூக்கால் அறிய முடியாததை அமிலம் அறிவித்தது. வீட்டு ஆய்வுக்கூடத்தின் ஆட்சி முடிந்து, அரசினர் ஆய்வுக்கூடத்தின் ஆட்சி தொடங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

சட்டத்தை நம்பிக் காத்திராமல் மக்களே ஒரு வழி கண்டனர். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலிய தொழிலாளிகள் 1844இல் தமக்கென்று ஒரு கூட்டுறவுக் கடை வைத்தனர். கலப்படமற்ற பண்டம், குறையாத எடை என்பதே அவர்களின் பெருமை. அந்தக் கொள்கை கடல் கடந்து திருவல்லிக்கேணிக்கு வந்தது. 1904இல் அங்கே தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கம் இந்தியாவின் மூத்த கூட்டுறவுப் பண்டகசாலைகளுள் ஒன்று. பம்பாயில் நெய்காம் பகுதித் தொழிலாளர்களிடையே 1948இல் 'அப்னா பஜார்' எழுந்தது. 1966ஆம் ஆண்டு ஜூன் மாதம் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு விலைவாசி மக்களைத் திணற அடித்த வேளையில், டில்லி கன்னாட் பிளேசில் 'சூப்பர் பஜார்' திறக்கப்பட்டது. அக்காலத்தில் டில்லிக்கு வேலைக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, பேரம் பேச வேண்டாத அந்தக் கடை ஒரு பெரிய ஆறுதல். இந்தி தெரியாதவர்க்குப் பேரம் என்பது தோல்வியிலேயே முடியும் போர் அன்றோ! பல்லாண்டு நடந்த அந்த நிறுவனம் 2002இல் மூடப்பட்டது.

வாங்குபவரே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறைக்கு 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்னும் கடையில் வழி வகுத்தார். 1937இல் சில்வன் கோல்ட்மன் என்பவர் தள்ளுவண்டியைக் கொண்டு வந்து அதனை முழுமையாக்கினார். நம் நாட்டில் அம்முறை வெகு காலம் கழித்தே வேரூன்றியது. சென்னையில் 1996இல் 'ஃபுட்வேர்ல்டு' திறந்ததை இதில் ஒரு திருப்பமாகக் குறிப்பிடலாம். கடைக்காரன் எடுத்துக் கொடுத்தவரையில் பழைய சரக்கா புதிய சரக்கா என்பது அவன் பொறுப்பு. நாமே எடுக்கத் தொடங்கியதும் அப்பொறுப்பு நம் தலையில் ஏறியது. ஆனால் அதைத் தாங்குவதற்கு வேண்டிய செய்தி நம்மிடம் இல்லை. அமெரிக்காவிற்கூட, 1970கள் வரையில் பல பொட்டலங்களில் தேதி இருந்தும் அது இரகசியக் குறியீடாகவே இருந்தது. கடைக்காரர் படிப்பார், வாங்குபவருக்கு விளங்காது. வெளிப்படையான தேதி வேண்டுமென்று வாங்குவோர் குரல் எழுப்பிய பின்னரே அது மாறிற்று.

இந்தியா முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954இல் இயற்றப்பட்டு, 1955 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் நோக்கம் கலப்படமே, காலம் அன்று. பொட்டலத்தின் மேல் காலம் ஏறியது எடை அளவைச் சட்டத்தின் வழியாக என்பது பலர் அறியாத செய்தி. 1977ஆம் ஆண்டுப் பொட்டலப் பண்ட விதிகள், பண்டத்தின் பெயர், நிகர எடை, விலை இவற்றோடு தயாரித்த அல்லது பொட்டலமிட்ட மாதத்தையும் ஆண்டையும் அச்சிட வேண்டும் என்றன. பிறந்த நாள் தெரிந்தது, ஆயுள் தெரியவில்லை. 'இத்தனை மாதத்திற்குள் உண்ணச் சிறந்தது' என்னும் வாசகம் பின்னரே உணவு விதிகளில் சேர்ந்தது.

மூடிய உறைமீது மக்களுக்கு இருந்த ஐயத்தை மாற்றியது ஒரு பெருந்துயரம். 1998 ஆகஸ்டில் டில்லியில் குடும்பம் குடும்பமாக மக்கள் கால் வீங்கி, மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு வந்தனர். அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காரணம் கடுகெண்ணெய், அதில் கலந்திருந்தது பிரமதண்டு விதையின் எண்ணெய். நம் ஊர் வரப்புகளிலும் இரயில் பாதை ஓரங்களிலும் மஞ்சட் பூவோடும் முள்ளோடும் நிற்கும் அதே செடிதான். அதன் விதை கடுகைப் போலவே சிறுத்துக் கறுத்திருக்கும். இந்த நோய் கல்கத்தாவில் 1877லேயே காணப்பட்டதாயினும், நூறாண்டு கழிந்தும் நம்மை விட்டு நீங்கவில்லை. மூக்கில் ஏறும் கடுகெண்ணெயின் நெடிக்குள் நஞ்சு மறைந்திருந்ததை எந்த மூத்த பெண்ணின் அனுபவமும் கண்டுகொள்ள இயலவில்லை. சில்லறையாக அளந்து விற்கும் கடுகெண்ணெய் டில்லியில் தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் சமையல் எண்ணெயைப் பொட்டலமாகவே விற்க வேண்டும் என்னும் மைய அரசின் ஆணையும் பிறந்தது. உறையின்மேல் அச்சிடும் எழுத்து ஒரு நாகரிக அலங்காரம் அன்று, தவறு நேர்ந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்கான முகவரி அது என்பதை டில்லி அன்று உயிர் கொடுத்து அறிந்தது.

பழைய சட்டங்களைத் தொகுத்து 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்டில் நடைமுறை பெற்றது. அதன் விதிகள் இரண்டு வாசகங்களை வேறுபடுத்துகின்றன. இதில்தான் இன்றளவும் குழப்பம் மிகுதி. 'இந்நாளுக்கு முன் சிறந்தது' என்பது சுவை, மணம், மொறுமொறுப்பு ஆகியவற்றைப் பற்றிய உறுதிமொழி. அந்நாள் கடந்ததனாலேயே பண்டம் நஞ்சாகிவிடாது. தரம் குறையலாம், உண்பதற்குத் தக்கதாகவும் இருக்கலாம். 'காலாவதி' அல்லது 'இந்நாளுக்குள் பயன்படுத்துக' என்பது வேறு. அது கடந்தபின் அப்பண்டத்தை விற்கவே கூடாது. இவ்வேற்றுமை அறியாதவர் ஒரு நாள் கடந்த பிஸ்கட்டைக் குப்பையில் எறிவர். அவரே நேற்றோடு முடிந்த பாலைக் காய்ச்சிப் பார்க்கலாம் என்பர். உலக உணவு நெறித் தொகுப்பான கோடெக்ஸின் 2018ஆம் ஆண்டுத் திருத்தம் உப்பு, சர்க்கரை, வினிகர் போன்றவற்றுக்குத் தேதியே வேண்டாம் என்கின்றது. பழம்புளியின் மதிப்பறிந்த நம் பாட்டிமார் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார்கள்.

முன்பெல்லாம் தயாரித்த நாளை ஓரிடத்திலும், 'தயாரித்த நாளிலிருந்து ஆறு மாதம்' என்பதை வேறோரிடத்திலும் அச்சிட்டு, இடையிலுள்ள கூட்டற்கணக்கை நம்மிடம் விட்டுவிடுவர். 2020ஆம் ஆண்டு விதிகள் தயாரித்த நாளையும் காலாவதி நாளையும் சேர்த்து ஓரிடத்தில் காட்டப் பணித்தன. 'முன் சிறந்தது' என்பது கூடுதற் குறிப்பாக மட்டும் நின்றது. இந்த எழுத்துகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருப்பது கட்டாயம். பிற மொழி இருக்கலாம், இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த முதியவர் கல்கத்தா லேக் மார்க்கெட்டில் நின்று உறையைப் புரட்டும்போது அவருக்குத் துணை நிற்பவை எண்கள் மட்டுமே. நல்லவேளையாக நம் நாட்டுப் பண்டங்களில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை உண்டு. அமெரிக்கச் சரக்கில் மாதம் முன்னே வரும். 05/07 என்பதை ஜூலை ஐந்து என்று எண்ணுபவர் இரண்டு மாதம் ஏமாறுவார்.

பேரங்காடியில் பழைய சரக்கை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்குவது வழக்கம். பழைய சரக்கு முதலில் விற்றுத் தீர வேண்டும் என்பது கடையின் நியாயமான கணக்கு. கையைப் பின்னால் விட்டு எடுப்பது அனுபவசாலிகளின் கணக்கு. இன்றே குழம்பில் இடப்போகும் தயிருக்குக்கூடப் பின்வரிசையைக் குடைவது சற்று மிகையென்றே எனக்குத் தோன்றுகின்றது. ஆனால் தமிழகத்திலிருந்து பல நாள் லாரியில் வரும் அப்பளமும் சாம்பார்ப்பொடியும் காப்பித்தூளும் வேறு வகை. மாதுங்காவிலோ கரோல் பாகிலோ அவை அலமாரி ஏறும் முன்பே ஆயுளின் ஒரு பகுதி வழியிலேயே கழிந்திருக்கும். அங்கே தயாரித்த நாளையும் பார்ப்பது தகும். மற்றொன்று: அச்சிட்ட தேதி, உறையின் மேல் குறித்த முறையில் வைத்திருந்தால்தான் செல்லும். குளிரில் வைக்க வேண்டிய பன்னீரை மே மாத டில்லி வெயிலில் இரண்டு மணி நேரம் சுமந்து திரிந்தவருக்கு அந்தத் தேதி காப்பாகாது.

உறையில்லாப் பண்டத்தையும் தேதி விடவில்லை. 2020 அக்டோபர் முதல் நாளிலிருந்து, கடையில் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்நாள்வரை உண்ணச் சிறந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆணையிட்டது. இதற்குள் வாங்கும் முறை மீண்டும் மாறிவிட்டது. கைப்பேசியில் பட்டியல் இட்டால் சிறுபொழுதில் பை வாசலுக்கு வருகின்றது. உறையைத் திருப்பிப் பார்க்கும் வாய்ப்பு விலை கொடுத்த பிறகே கிட்டுகின்றது. ஆகவே 2024 நவம்பரில் அதே ஆணையம், வீட்டில் கொண்டு கொடுக்கும் நேரத்தில் பண்டத்தின் ஆயுளில் நூற்றுக்கு 30 பங்கோ, காலாவதிக்கு முன் 45 நாளோ மிஞ்சியிருக்க வேண்டும் என்று இணைய வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. பையை வாங்கியதும் கொண்டுவந்தவர் படியிறங்கும் முன்பே அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம்.