விட்டிலும் விளக்கும் ஏடும்



விளக்கில் வீழும் விட்டிலைப் பேதைமைக்கு உவமையாகக் கூறுவது நம் வழக்கம். அந்த விட்டில் எந்த இரவில் வந்தது, எத்தனை வந்தன என்று ஏட்டில் குறித்து வைத்தவர்களின் வரலாறோ உழவனுடைய வாழ்வோடு பிணைந்தது. அதனையே இன்று உங்கள்முன் எடுத்துரைக்க விழைகின்றேன்.

1965-ஆம் ஆண்டு சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான எங்கள் தருமபுரிக்கு விட்டிலினம் புதிதன்று. தருமபுரி நகரின் பட்டுக்கூடு அங்காடியில் குவியும் கூடுகள் யாவும் ஒருவகை விட்டிலின் புழு நூற்றவையே. அது உழவனுக்கு வாழ்வளிக்கும் விட்டில். அவன் வாழ்வைக் குலைக்கும் விட்டிலும் உண்டு. அதன் புழுவே சிவப்புக் கம்பளிப்புழு.

மழை பெய்து மண் குளிர்ந்த ஓரிரு நாட்களில், நிலத்தினுள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்த கூட்டுப்புழுக்கள் விட்டில்களாகி இரவில் வெளிப்படுகின்றன. பெண் விட்டில் ஒன்று பல நூறு முட்டைகள் இடும். வளர்ந்த புழுக்கள் படையெனத் திரண்டு, வயல்விட்டு வயல் சென்று, மானாவாரி நிலக்கடலையின் இலைகளைத் தின்று தீர்க்கும். மழையை நம்பி விதைத்தவனுக்கு அம்மழையே பகையையும் எழுப்பிவிடுகிறது. அப்பகை எழும் நாளை முன்னரே அறிவது எங்ஙனம்?

முதலில் பெயர் அறிய வேண்டியிருந்தது. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்த வந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் என்னும் ஆங்கிலேயர், அம்மலையின் விட்டில்களைத் திரட்டி 1891-இல் நூலொன்று வெளியிட்டார். பின்னர் 1892 முதல் 1896 வரை, இந்திய விட்டில்கள் அனைத்தையும் பற்றி நான்கு தொகுதிகள் எழுதினார். 1914-இல் பிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி நூல் வெளியிட்டார். 1940-இல் டி. வி. இராமகிருஷ்ண ஐயர் பயிர்ப்பூச்சிகளைக் குறித்துக் கைந்நூல் ஒன்றை அளித்தார்.

பெயரறிந்தபின் நாளறிய வேண்டும். இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் சி. பி. வில்லியம்ஸ் என்பார், 1933 முதல் 1937 வரை இரவுதோறும் விளக்குப்பொறி வைத்து, வீழ்ந்த பூச்சிகளை எண்ணிப் பதிந்தார். முழுநிலா நாட்களில் பொறியில் வீழ்வன குறைகின்றன என்பதை அவ்வேடுகளே காட்டின. ஓர் இரவின் எண்ணிக்கை வெறும் எண்; பல ஆண்டுகளின் எண்ணிக்கையோ அறிவு.

அவ்வறிவு நம் வயல்களில் பயன்படுவதைக் காணுங்கள். மழைக்குப் பின் வரப்பில் விளக்கை ஏற்றி, அதன்கீழ் மண்ணெண்ணெய் கலந்த நீர்த்தட்டு வைப்பர். விட்டில்கள் தட்டில் மிகுதியாக வீழ்ந்தால், முட்டையிடும் காலம் வந்ததென்று பொருள். உடனே வயலில் இறங்கி முட்டைக் குவியல்களையும் இளம் புழுக்களையும் திரட்டி அழிக்கலாம். புழுக்கள் பரவியபின் அறிந்து பயனில்லை. கோடை உழவால் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைக்கும் இரையாக்குவதும் நன்று.

விட்டில் விளக்கைச் சுற்றுவது ஏன்? 2024-இல் வெளிவந்த ஆய்வொன்று, அதிவேகப் படக்கருவியால் இதனை ஆராய்ந்தது. பறக்கும் பூச்சி தன் முதுகை ஒளியை நோக்கித் திருப்பிக்கொள்கிறது. வானமே மிகுந்த ஒளியுடையதாக இருந்த இரவுகளில் அவ்வியல்பு அதற்கு மேல்கீழ் அறிய உதவிற்று. விளக்கினருகிலோ அவ்வியல்பே அதனைச் சுழலவைக்கிறது. ஆகவே, விட்டில் பேதையன்று. நாம் ஏற்றிய விளக்கே அதன் வழியைக் குலைத்தது.

மாணவர்களே, இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. தோட்டத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்முன் விளக்கேற்றுங்கள். வந்தமரும் விட்டில்களைக் கொல்லாமல் எண்ணுங்கள். நாள், மழை, நிலவின் நிலை, விட்டிலின் நிறம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். ஒன்றும் வாராத இரவையும் தவறாமல் குறியுங்கள், அதுவும் செய்தியே. அடுத்த மழைக்குமுன் உங்கள் ஊர் உழவர் ஒருவர் வந்து, சென்ற ஆண்டு விட்டில் எழுந்தது எந்நாள் என்று வினவினால், ஏட்டைப் புரட்டி விடை கூற உங்களால் இயல வேண்டும்.