ரியூனியன் முன்பே சொன்ன பதில்

2006-ன் தொடக்கத்தில் ரியூனியன் தீவே முடங்கிக் கிடந்தது. மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சுத் தீவு அது. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே ஏராளம். சுமார் 8 லட்சம் மக்களில் மூன்றில் ஒருவரைச் சிக்குன்குனியா பிடித்தது. அதே ஆண்டு நம்மூரிலும் அது வந்து, சுவரைப் பிடித்து நடந்தவர்களுக்கு அந்த மூட்டுவலியை விளக்க வேண்டியதில்லை.

மருந்து கிடையாது. டாக்டர்களின் கண் குளோரோகுயின் மீது விழுந்தது. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் 1934-ல் உருவாக்கிய மலேரியா மாத்திரை. விலை மலிவு, மூட்டுவாதத்துக்கும் கொடுத்துப் பழக்கம். ஆய்வுக்கூடத்தில் வைரஸ்களையும் மடக்கியது. பல வைரஸ்கள் ஒரு நுண்பைக்குள் இருந்தபடியே செல்லுக்குள் நுழைகின்றன. பைக்குள் அமிலம் ஏறினால்தான் அவை வெளியேற முடியும். குளோரோகுயின் அந்த அமிலத்தைத் தணித்துவிடும். கேட்க எவ்வளவு கச்சிதம்!

மார்செய் நகர ஆய்வாளர் தெ லம்பாலெரியின் குழு இதைத் தீவிலேயே சோதித்தது. 54 நோயாளிகள். பாதிப் பேருக்குக் குளோரோகுயின், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. ரத்தத்தில் வைரஸ் குறைந்த வேகத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. 200-வது நாள் விசாரித்தபோது, மூட்டு இன்னும் வலிக்கிறது என்றவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில்தான் அதிகம்! சிறிய ஆய்வுதான். ஆனால் 2018-ல் குரங்குகளிடம் சோதித்தவர்கள், மருந்து நோயெதிர்ப்பைத் தாமதப்படுத்தி வைரஸுக்கே துணைபோனதைக் கண்டார்கள். இடையே சிங்கப்பூரில் 1,500 பேரிடம் ஃப்ளூ தடுப்புக்குக் கொடுத்துப் பார்த்ததும் வீண்.

பிறகு கொரோனா, 2020 மார்ச். அதே மார்செய் நகரிலிருந்து திதியே ராவுல் என்ற பேராசிரியர், வெறும் 36 பேரை வைத்து, குலுக்கல் முறையில் பிரிக்காமலே, குளோரோகுயினின் நெருங்கிய உறவான ஹைட்ராக்ஸி குளோரோகுயின் பலன் தருகிறது என்று அறிவித்தார். அதே மார்ச்சில் தெ லம்பாலெரி பழைய தோல்விகளை நினைவூட்டி எழுதினார். யார் காதில் ஏறியது? டிரம்ப் புகழ்ந்தார், நம் ஐ.சி.எம்.ஆர். மருத்துவப் பணியாளர்களுக்குத் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைத்தது. லூபஸ் நோயாளிகள் தாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் இதே மாத்திரைக்குக் கடை கடையாக அலைந்ததுதான் கொடுமை.

ஜூனில் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு கணக்கை முடித்தது. மருந்து பெற்ற 1,561 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 27 சதவீதம். பெறாத 3,155 பேரில் 25 சதவீதம். ராவுல் குழுவின் கட்டுரையை அதை வெளியிட்ட இதழ் விலக்கிக்கொள்ள 2024 டிசம்பர் வரை ஆனது.